கால் ஆம்பியர் வெளிச்சம்

குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும்போது ப்யூஸ் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. மாலையில் சுவிட்சைப் போடுவோம். ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடும், மெல்லியதாக ஓர் ஓசை, பிறகு இருட்டு. முந்தின இரவு விடிய விடிய எரிந்தபோது போகாத உயிர், பகலெல்லாம் ஓய்வெடுத்துக் குளிர்ந்த பிறகு சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில்தான் போகிறது. "சுவிட்சைத் தட்டித் தட்டி விளையாடாதே, பல்பு போயிடும்" என்று சிறுவயதில் திட்டு வாங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னொரு திட்டு கிடைத்திருக்கும்.

விடையின் நுனி கையில் கிடைத்தது பல வருஷம் கழித்து, சென்னை ரிச்சி தெருவில் ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் வாங்கிய அன்று. புது மீட்டர் வாங்கியவர் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வீட்டில் அகப்பட்டதையெல்லாம் அளந்தேன். ஒரு 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி, அதன் அடியில் உள்ள இரண்டு ஈயப் பொட்டுகளில் மீட்டரின் முனைகளை வைத்தேன். 65 ஓம் என்றது. பள்ளிக்கூடத்துக் கணக்கு நினைவுக்கு வந்தது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை 65 ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். அந்த மூன்றரையை மறுபடி 230 ஆல் பெருக்கினால் 814 வாட். ஆனால் பல்பின் தலையில் அச்சிட்டிருப்பது 60 வாட்!

பல்புக் கம்பெனி பொய் சொல்கிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா, அல்லது ஓம் என்ற ஜெர்மானியர் பொய் சொன்னாரா? மூவருமே உண்மைதான் சொல்கிறார்கள். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் நம் பேச்சுவழக்கைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

"கரண்ட் போச்சு", "பவர் கட்", "லோ வோல்டேஜ்". அன்றாடம் சொல்லும் இந்த மூன்றிலும் மூன்று வெவ்வேறு அளவுகளின் பெயர்கள் இருக்கின்றன. நாம்தான் மூன்றையும் ஒரே பொருளில் புழங்குகிறோம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் பீறிடும். அதே தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடிவீட்டுக் குளியலறையில் நூல் மாதிரி ஒழுகும். இந்த உயரம் தரும் உந்துதல்தான் மின்னழுத்தம், அளவு வோல்ட். குழாயில் நிஜமாகவே ஓடும் தண்ணீர், நொடிக்கு எவ்வளவு என்பது, மின்னோட்டம், அளவு ஆம்பியர். ஒரு ஆம்பியர் என்றால் கம்பியின் ஓரிடத்தை நொடிக்கு ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் கடக்கின்றன. குழாய் மூடியிருக்கும்போதும் தொட்டியின் உயரம் அப்படியேதான் இருக்கும். எதுவும் செருகாத பிளக் பாயிண்டில் 230 வோல்ட் காத்திருக்கிறது, மின்னோட்டமோ சுழி. ஆகவே "கரண்ட் போச்சு" என்று தெருவே கத்தும்போது உண்மையில் போனது வோல்டேஜ். தொட்டியே காலி.

குழாய் குறுகலாக இருந்தால், நீளமாக இருந்தால், உள்ளே பாசி பிடித்திருந்தால் ஓட்டம் குறையும். மின்சுற்றில் இதற்கு மின்தடை என்று பெயர். இந்த உவமையை இதற்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டாது. தொட்டியின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீர் சரியாக இரண்டு மடங்கு வருவதும் இல்லை. வேகம் கூடக் கூட அது சுழித்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். உலோகக் கம்பி அப்படி முரண்டு பிடிப்பதில்லை என்பதுதான் ஆச்சரியம். அழுத்தத்தை இரட்டித்தால் ஓட்டமும் சரியாக இரட்டிக்கிறது. அதனால் ஒன்றை மற்றதால் வகுத்தால் எப்போதும் ஒரே விடை. அந்த விடையைத்தான் அந்தக் கம்பியின் தடை என்கிறோம். ஒரு வோல்ட் கொடுத்தால் ஒரு ஆம்பியர் ஓடும் கம்பிக்குத் தடை ஒரு ஓம்.

இதை முதலில் கண்டவர் ஓம் அல்ல. இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் 1781 வாக்கிலேயே கண்டுவிட்டார். அப்போது மின்னோட்டத்தை அளக்கக் கருவி கிடையாது. கருவியாக அவர் பயன்படுத்தியது தன் உடம்பை! உப்புத் தண்ணீர் நிரப்பிய குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் மேல் பாய்ச்சி, எந்தக் குழாயில் ஷாக் பலமாக இருக்கிறது என்று ஒப்பிட்டுக் குறித்து வைத்தார். மகா கூச்ச சுபாவி. பெரும்பாலானவற்றை அச்சிடவே இல்லை. அவர் கையெழுத்துப் பிரதிகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

கியோர்க் சைமன் ஓம் பூட்டுச் செய்பவரின் மகன். கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியர். கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொள்ளும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தப்பு. குற்றம் அவர் மேல் இல்லை, பேட்டரி மேல். அந்தக் காலத்து வோல்ட்டா அடுக்கு, கம்பியை இணைத்த கணமே சோர்ந்துபோகும். வாய்க்காலைத் திறந்ததும் மட்டம் இறங்கிவிடும் குளத்தை வைத்துக்கொண்டு மடைகளை ஒப்பிட முடியுமா? இதழாசிரியர் பொக்கெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரிக்குப் பதில் வெப்பத்தில் பிறக்கும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஸீபெக் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டிருந்தார். ஓம் பிஸ்மத், செம்பு இரண்டையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரும் பனிக்கட்டியும் தம் வெப்பநிலையில் அசையாமல் நிற்பவை. ஆகவே அழுத்தமும் அசையாமல் நின்றது. 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார். மின்னோட்டத்தின் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும். மெல்லிய பட்டையில் தொங்கிய அந்த ஊசியை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். அந்த முறுக்கே ஓட்டத்தின் அளவு. 1826 ஜனவரியில் எண்கள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. மறு வருஷம் புத்தகம் வந்தது. சொந்த நாட்டில் வரவேற்பு மந்தம்தான். லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது 1841இல்.

ஐந்நூறு ரூபாய் மீட்டரும் ஓம் செய்த அதே வேலையைத்தான் செய்கிறது. தடையை நேரடியாக அளக்கும் கருவி என்று அதற்குள் எதுவும் இல்லை. தன் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து துளி மின்னோட்டத்தை, சுமார் ஒரு மில்லியாம்பியரை, பொருளுக்குள் அனுப்புகிறது; இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் எழுகிறது என்று பார்க்கிறது; வகுக்கிறது; விடையைத் திரையில் போடுகிறது. மின்னோட்டத்தை அளக்கும்போதும் இதே தந்திரம்தான். உள்ளே அளவு தெரிந்த ஒரு சின்னத் தடை இருக்கிறது. அதன் மேல் விழும் வோல்ட்டை அளந்து ஆம்பியராக மாற்றிச் சொல்கிறது. எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்லும் கிளாம்ப் மீட்டர் மட்டும் வேறு ஜாதி. கம்பியை வெட்டாமல், தொடாமல், வாயைத் திறந்து கவ்விக்கொண்டு அதைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை அளக்கும். ஓம் வைத்திருந்த காந்த ஊசியின் பேரப்பிள்ளை அது. ஒரே ஒரு கம்பியைத்தான் கவ்வ வேண்டும். போகும் கம்பி, வரும் கம்பி இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும்; கீசர் ஓடிக்கொண்டிருந்தாலும் மீட்டர் சுழி காட்டும்.

இப்போது என் 65 ஓமுக்கு வருவோம். வகுத்தல் என்பது எந்தப் பொருளுக்கும் எந்த நிமிஷத்திலும் செய்யக்கூடிய காரியம். வகுத்த விடை மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி, அது எல்லாப் பொருளுக்கும் எல்லா வேளையிலும் செல்லாது. இந்த இரண்டையும் பாடப்புத்தகங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் என்பது என் கட்சி. ஓமின் செம்புக் கம்பிகள் சூடேறவில்லை. ஆகவே விடை மாறவில்லை. பல்பின் டங்ஸ்டன் இழை எரியும்போது சுமார் 2500 டிகிரி செல்சியஸில் தகிக்கிறது. சூடான உலோகத்தில் அணுக்கள் துடிக்கும் துடிப்பில் எலக்ட்ரான்கள் வழி கிடைக்காமல் முட்டி மோதுகின்றன. திருவிழாக் கூட்டம் நின்றுகொண்டிருந்தால் இடையில் புகுந்து போகலாம், ஆடத் தொடங்கிவிட்டால் முடியாது. பல்பு 60 வாட் எடுக்கிறது என்றால் 230 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டம் கால் ஆம்பியரைவிடச் சற்றுக் கூட, 0.26. வகுத்துப் பாருங்கள்: 880 ஓம் சொச்சம். குளிர்ந்த பல்பைப் போல 13 மடங்குக்கும் மேல். மீட்டர் அனுப்பிய ஒரு மில்லியாம்பியர் இழையைத் துளியும் சுடவைக்கவில்லை. தூங்குகிறவனின் நாடியைப் பிடித்துவிட்டு ஓடுகிறவனின் இதயத் துடிப்பைக் கணக்கிட்டது என் பிழை.

ஆனாலும் என் 814 வாட் முழுப் பொய் இல்லை. சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் இழை குளிர்ந்துதானே இருக்கிறது? அப்போது தடை 65 ஓம்தான். மூன்றரை ஆம்பியர் நிஜமாகவே பாய்கிறது. 60 வாட் பல்பு கண் இமைக்கும் நேரத்திலும் சிறு பங்குக்கு 800 வாட் அடுப்பாக மாறி, உடனே சூடேறித் தன் தடையைத் தானே உயர்த்திக்கொண்டு அடங்கிவிடுகிறது. வயதான பல்பில் டங்ஸ்டன் ஆவியாகி இழை ஓரிடத்தில் மெலிந்திருக்கும். மெலிந்த இடம் மற்ற இடங்களை முந்திக்கொண்டு கொதிக்கும். உயிர் போவது அங்கே, அந்தக் கணத்தில். சிறுவயதுத் திட்டுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

வகுத்தது போதும், இனி பெருக்கல். கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் படும் பாடு இரண்டைப் பொறுத்தது: கிணறு எவ்வளவு ஆழம், நிமிஷத்துக்கு எத்தனை வாளி. பத்தடிக் கிணற்றில் இருபது வாளியும் இருபதடிக் கிணற்றில் பத்து வாளியும் ஒரே உழைப்பு. ஆழம் வோல்ட், வாளி ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு நொடி செலவாகும் ஆற்றல், அதாவது மின்திறன், அளவு வாட். இலங்கைப் பாடநூல்கள் இதை வலு என்கின்றன. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். திறன் என்றவுடன் யாரோ திறமைசாலி நினைவுக்கு வருகிறார்.

தடை மாறாத ஒரு கம்பியில் மின்னோட்டத்தை இரட்டிக்க வேண்டுமானால் அழுத்தத்தையும் இரட்டிக்க வேண்டும். இரண்டும் இரட்டித்தால் பெருக்குத்தொகை நான்கு மடங்கு. மூன்று மடங்கு மின்னோட்டத்துக்கு ஒன்பது மடங்கு சூடு. இதை 1840 வாக்கில் தண்ணீர் ஜாடியில் கம்பிச் சுருளை முக்கி, வெப்பமானியை வைத்துக் கண்டவர் ஜேம்ஸ் ஜூல். சால்ஃபர்டு நகரத்து பீர் தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. நொதிக்கும் பானத்தில் டிகிரிக்கும் டிகிரிக்கும் வித்தியாசம் பார்க்கும் வீட்டில் நல்ல வெப்பமானியின் அருமை தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்வோம். இதன் உள்ளிருப்பது நிக்ரோம் கம்பி. சூடேறினாலும் தடை சில சதவீதம்தான் மாறும். பல்பைப் போல வேஷம் மாற்றாது. 1500 வாட் ராடு என்றால் ஆறரை ஆம்பியர், சுமார் 35 ஓம். வெறும் மீட்டரில் அளந்தாலும் கிட்டத்தட்ட இதேதான் வரும். கோடைகால லோ வோல்டேஜில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் மின்னோட்டமும் கூடவே குறைந்து 5.1 ஆம்பியர் ஆகிவிடும்; பெருக்கினால் 918 வாட். பதினைந்து லிட்டர் பக்கெட் கை பொறுக்கும் சூட்டுக்கு வர 14 நிமிஷம் எடுத்த இடத்தில் 23 நிமிஷம் எடுக்கும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. தடை இருப்பதால்தானே சூடு வருகிறது? அப்படியானால் தடை கூடக் கூடச் சூடும் கூட வேண்டும். ஆனால் 880 ஓம் பல்பு 60 வாட், 35 ஓம் ராடு 1500 வாட்! தடை குறைந்ததில்தான் சூடு அதிகம். படித்தவர்களையே தடுமாற வைக்கும் இடம் இது. எது கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் மாறாமல் நிற்பது வோல்ட். குறைந்த தடை அதிகமான மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே அதிகச் சூடு.

கீசர் பிளக்கைப் பாருங்கள், கதை தலைகீழ். 2000 வாட் கீசர் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பிளக்கின் பின்னும் சாக்கெட்டின் உள்தகடும் தளர்ந்து, கரி பிடித்து, இடையே அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். கீசரின் 26 ஓமுக்கு முன்னால் இந்த அரை ஓம் ஒரு பொருட்டே இல்லை. வெந்நீர் வழக்கம்போல வரும். எவ்வளவு மின்னோட்டம் என்பதைக் கீசர் தீர்மானித்துவிட்டது. அதை வாயை மூடிக்கொண்டு கடத்தவேண்டியது சாக்கெட்டின் தலையெழுத்து. அந்த எட்டரை ஆம்பியர் அரை ஓமைக் கடக்கும்போது நாலே கால் வோல்ட் அங்கே தங்கிவிடும். பெருக்கினால் சுமார் 36 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய சூட்டுக்கோல் ஒன்று சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. பிளக் பழுப்பேறுவதும் மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை வருவதும் இதனால்தான். அதே சாக்கெட்டில் 75 வாட் ஃபேனை மாட்டினால்? மின்னோட்டம் 26 மடங்கு குறைவு, சூடு ஏறத்தாழ 680 மடங்கு குறைவு. ஒன்றுமே தெரியாது.

சாக்கெட்டுக்கு நேர்வது ஊர்விட்டு ஊர் போகும் மின்கம்பிக்கும் நேரும். அங்கேயும் ஆம்பியர் கூடினால் சூடு கூடும்; அதனால் வோல்ட்டை ஏற்றி ஆம்பியரைக் குறைக்கிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நேர்மின்னோட்டப் பாதை வருகிறது. 6000 மெகாவாட் கடத்தவல்லது. ஒரு பக்கம் எட்டு லட்சம் வோல்ட் மேலே, மறு பக்கம் எட்டு லட்சம் வோல்ட் கீழே, இடையே 16 லட்சம். வகுத்தால் 3,750 ஆம்பியர்; பெரிய எண்தான், ஆனாலும் கம்பி தாங்கும். இதையே 230 வோல்ட்டில் அனுப்பினால் 2.6 கோடி ஆம்பியர் வேண்டும். அதைத் தாங்கும் கம்பி தயாரிக்க இந்தியாவின் அலுமினியம் பத்தாது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பெருக்கினால் வாட் வந்துவிடும் என்பதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஃபேன், மிக்ஸி, மோட்டார் இவற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு கை கோத்து வராது. ஒரு அடி பின்தங்கி வரும். ஊஞ்சலை அது வரும் வேளை பார்த்துத் தள்ளாதவரின் உழைப்பில் ஒரு பகுதி திரும்பிவிடுவது போல, அங்கேயும் ஒரு பகுதி செலவாகாமல் திரும்பிப் போகும். இன்வெர்ட்டர் பெட்டியில் வாட் என்று போடாமல் விஏ என்று போட்டிருப்பது அந்தக் கச்சாப் பெருக்குத்தொகை. உண்மை வாட் அதைவிடக் குறைவு. குண்டு பல்பு, ராடு, இஸ்திரிப்பெட்டி இவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பெருக்கலை நமக்காக இரவும் பகலும் செய்துகொண்டிருப்பது வாசல் பக்கத்து ஈபி மீட்டர். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பல நூறு தடவை எடுத்துப் பெருக்கி, கூட்டிக்கொண்டே போகிறது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதன் முகப்பில் ஒரு சிவப்புப் பொட்டு சிமிட்டிக்கொண்டிருக்கும். யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். என் வீட்டு மீட்டரில் 3200. ராடு போட்டால் முக்கால் நொடிக்கு ஒரு சிமிட்டல். தனியாக 60 வாட் பல்பு மட்டும் எரிந்தால் 18.75 நொடிக்கு ஒன்று.

ஒரு ஞாயிறு இரவு இதைச் சோதித்துவிட முடிவு செய்தேன். ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி, டிவியின் சிவப்பு விளக்கு உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தப் பழைய பல்பை மட்டும் எரியவிட்டேன். பத்துச் சிமிட்டலுக்கு 187 நொடி வர வேண்டும். கைக்கடிகாரத்தில் 210 வந்தது. அதாவது 53 வாட் சொச்சம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அன்று வந்துகொண்டிருந்தது 214 வோல்ட். வோல்ட் குறைந்தால் வாட் குறையத்தான் செய்யும். ஆனால் பல்பின் தடை 880 ஓமிலேயே நின்றிருந்தால் 52 வாட்டுக்கு இறங்கி, 217 நொடி ஆகியிருக்க வேண்டும். ஏழு நொடி முந்திவிட்டது. வோல்ட் குறைந்ததும் இழை கொஞ்சம் ஆறி, தடையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 53 சொச்சத்தை 214 ஆல் வகுத்தால் சரியாகக் கால் ஆம்பியர்.

படிக்கட்டில் டார்ச்சோடு மீட்டரை வெறித்துக்கொண்டு நின்ற என்னை எதிர் வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, உங்க வீட்டுக்கு மட்டும் கரண்ட் போயிடுச்சா?"

"இல்லக்கா, இருக்கு. கால் ஆம்பியர் இருக்கு."